தனியாப் போறதுக்கு ஒரு பிளான்

டாக்டர் சைக்கிள் ஓட்டக் கூடாதுன்னு சொன்ன அன்னிக்குதான் எனக்கு சைக்கிள்ல எங்கயாவது தூரமாப் போகணும்னு ஆசையே வந்துச்சி. அதுவரைக்கும் அந்த சைக்கிள் வீட்டுக்குப் பின்னால சுவத்துல சாஞ்சி நின்னுக்கினு, ஈரத்துண்டு காயப்போடத்தான் ஆயிக்கினு இருந்துச்சி. வேணாம்னு சொன்னா வேணும்னு நிக்கிற புத்தி எனக்கு. அம்பத்திரெண்டு வயசாச்சி, இன்னும் போகல.

கோலார்ல அந்த கண் டாக்டர்கிட்ட போனதே கண்ணாடி மாத்தறதுக்குதான். அங்க ஒரு மிஷினுக்குள்ள மூஞ்சியை வெக்கச் சொன்னாங்க. உள்ள வெள்ளையா ஒரு கிண்ணம், நடுவுல ஒரு புள்ளி. அந்தப் புள்ளியையே பார்த்துக்கினு இருக்கணும், சுத்தி எங்க வெளிச்சம் மின்னினாலும் கையில குடுத்த பட்டனை அமுக்கணும். நானும் அமுக்கினேன். கொஞ்ச நேரத்துல வெளிச்சம் வர்றது நின்னுபோச்சி. மிஷின் ரிப்பேர் போலன்னு நெனச்சிக்கினு, கரண்டு போயிடுச்சாம்மான்னு பக்கத்துல நின்ன பொண்ணைக் கேட்டேன். மிஷின் ஓடிக்கினுதான் இருக்கு சார்ன்னு அது மெதுவா சொல்லுச்சி. நான் பட்டனை இன்னும் ரெண்டு தரம் அமுக்கிப் பார்த்தேன்.

டாக்டர் கன்னடத்துல பொறுமையா சொன்னாரு. கண்ணுக்குள்ள பிரஷர் ஏறி நரம்பு காய்ஞ்சிக்கினே வந்திருக்கு. ஓரமெல்லாம் போயாச்சி, நடுவுல மட்டும் கொஞ்சம் மிச்சம் இருக்கு. போனது திரும்ப வராது. இருக்கிறதை சொட்டு மருந்து போட்டு எவ்ளோ நாள் காப்பாத்த முடியுமோ பார்க்கலாம். எவ்ளோ நாள்னு கேட்டேன். ஒரு வருஷமோ ரெண்டு வருஷமோ, உறுதியா சொல்ல முடியாதுன்னாரு. வண்டி ஓட்டாதீங்க, சைக்கிள்கூட வேணாம், உங்களுக்கு மட்டும் இல்ல, ரோட்ல போறவங்களுக்கும் அது ஆபத்துன்னு கடைசியா சொன்னாரு. என் பொண்டாட்டி அப்போ வெளிய மருந்துக்கடையில நின்னுக்கினு இருந்தா. அவகிட்ட வெறும் பிரஷர், சொட்டு போட்டா சரியாயிடும்னு சொல்லிட்டேன்.

இவ்ளோ நாள் இது எப்படித் தெரியாம போச்சின்னு கேப்பீங்க. எங்க ஊர்க்காரனுக்குத்தான் தெரியாம போகும். இருவத்தோரு வருஷமா நான் மாரிகுப்பத்துல விடியக்காலை ரயில் ஏறி, வைட்ஃபீல்டுல ஒரு குடோனுக்கு ஸ்டோர் கீப்பர் வேலைக்குப் போறவன். வீட்டை விட்டுக் கெளம்பும்போது இருட்டு. திரும்ப வந்து எறங்கும்போதும் இருட்டு. நடுவுல குடோன்ல டியூப்லைட்டு. ஞாயித்துக்கிழமை ஆனா கட்டையைப் போட்ட மாதிரி தூக்கம். ஸ்டேஷன்லருந்து வர்ற வழியில யார் மேலயாவது இடிச்சா, இந்த ஊர்ல லைட்டு எரிஞ்சாத்தானேன்னு முனிசிபாலிட்டியைத் திட்டிட்டு வந்துடுவேன். கண்ணு மங்கினா சைனைடு மேட்டு மேல பழி. சுரங்கத்துலருந்து எடுத்த கல்லை அரைச்சி, தங்கத்தை எடுத்துட்டுக் கொட்டின மண்ணு, மலை மலையா நிக்குது எங்க ஊர்ல. காத்தடிச்சா அந்தத் தூசு எல்லார் கண்ணுலயும் விழும். கண்ணுக்கு இன்னா வந்தாலும் அந்தத் தூசுன்னு சொல்லி தண்ணியை அடிச்சிக் கழுவிக்கறது எங்க பழக்கம். நானும் வருஷக்கணக்கா கழுவிக்கினே இருந்தேன். கழுவின தண்ணியில கண்ணும் போயிடுச்சி.

அப்போதான் ஒண்ணு தோணிச்சி. நான் பொறந்த ஊரை நான் பகல்ல பார்த்ததே இல்ல. சின்ன வயசுல பார்த்தது நெனப்புல இருக்கு, அது கணக்குல வராது. பேத்தமங்களா ஏரி பக்கத்துலதான் இருக்கு, அங்க போயே முப்பது வருஷம் ஆச்சி. ஒரு நாள், ஒரே ஒரு நாள், காலையிலருந்து சாயங்காலம் வரைக்கும் சைக்கிள்ல சுத்தி எல்லாத்தையும் பார்த்துட்டு வந்துடணும். அதுக்கப்புறம் சைக்கிளைத் தொட மாட்டேன். இதுதான் எனக்கு நானே போட்டுக்கின ஒப்பந்தம்.

அதுவும் தனியாப் போகணும். இருவத்தோரு வருஷமா என் விலாவுல யாரோ ஒருத்தன் முழங்கை குத்தாம நான் ஒரு நாளும் பிரயாணம் பண்ணது இல்ல. அது ஒரு காரணம். இன்னொண்ணை சொல்ல வெக்கமாத்தான் இருக்கு. கூட யாராவது வந்தா, பள்ளம் இருக்கு பார்த்து, லாரி வருது பார்த்துன்னு அடிக்கு ஒரு தரம் சொல்லிக்கினே வருவாங்க. அப்புறம் பார்க்கறது அவங்க, நான் சும்மா மிதிக்கிற ஆளு. அந்த வாழ்க்கைதான் சீக்கிரம் வரப்போகுதே, அதுக்கு முன்னாடி ஒரு நாள் வேணாமா.

ரயில்ல எனக்கு எதிர் சீட்டுல ஒருத்தர் வருவாரு. பெங்களூருல வாச்மேன் வேலை, சொந்த ஊரு முல்பாகல் பக்கம். கண்ணு விஷயத்தை மறைச்சிட்டு அவருகிட்ட மட்டும் பிளானை சொன்னேன். அவருக்கு என்னை விட ஜாஸ்தி குஷி. பங்காருப்பேட்டை வரைக்கும் தூங்கிக்கினு வர்ற மனுஷன், அன்னியிலருந்து தூங்கறதை விட்டுட்டாரு. நாங்க ரெண்டு பேரும் போட்ட வழி இது: இங்கருந்து பேத்தமங்களா, அங்கருந்து முல்பாகல், அப்புறம் கோலார், பங்காருப்பேட்டை, வீடு. பேத்தமங்களா தாண்டி ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் புளியமரமா வரும், முல்பாகல் கிட்ட போனா பாறை மலைங்க ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்கினு நிக்கும்னு அவரு சொன்னாரு. அதுக்கப்புறம் ஹைவேயைத் தொடாதீங்க, உள்ளால ஒரு ரோடு இருக்கு, மாந்தோப்பும் தக்காளித் தோட்டமுமா போகும்னு வழியில வர்ற ஊரையெல்லாம் ஒவ்வொண்ணா சொன்னாரு. வீட்டுக்கு வந்து அதை ஒரு நோட்டுல தடிமனான ஸ்கெட்ச் பேனாவுல எழுதி வெச்சேன். மெல்லிசா எழுதினா எனக்குப் படிக்க முடியல.

அந்த நோட்டைப் பார்த்தா ஊரு சுத்தப் போறவன் பிளான் மாதிரியே இருக்காது. காலையில ஆறு மணிக்குக் கெளம்பலாம்னு வாச்மேன் சொன்னதை அடிச்சிட்டு எட்டரைன்னு மாத்தினேன். பேத்தமங்களா கிழக்கால இருக்கு, சூரியன் நேரா மூஞ்சியில அடிச்சா இருக்கிற கொஞ்சமும் போயிடும். அது மேல ஏறின அப்புறம்தான் கெளம்பணும். சாயங்காலம் நாலரைக்குள்ள வீடு, வெளிச்சம் எறங்கக் கூடாது. ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்ல ஜனங்க பக்கவாட்டுலருந்து வருவாங்க, அதனால அங்க எறங்கித் தள்ளிக்கினு போறது. ஊருங்க வர்ற எடத்துல எல்லாம் எறங்கறது. ஆளில்லாத ரோட்ல மட்டும் ஏறி மிதிக்கிறது. இப்படிப் போனா யாருக்கும் ஆபத்து இல்லன்னு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கினேன். நான் ஒண்ணும் பொறுப்பில்லாதவன் இல்லன்னு காட்டறதுக்காகவே பக்கம் பக்கமா எழுதினேன் போல இருக்கு.

ரெண்டு டயரும் மாத்தினேன், பிரேக் கட்டையும் புதுசு. ஒரு ஞாயித்துக்கிழமை பழைய மில்லுக்குப் பின்னால காலி மைதானத்துல ஓட்டிப் பார்த்தேன். காலு மறக்கல, பேலன்ஸும் மறக்கல. சந்தோஷத்துல வீட்டு வரைக்கும் ஓட்டிக்கினே வந்து, எங்க லைன் வீட்டு முனையில எப்பவும் இருக்கிற தண்ணி டிரம்முல போய் மோதினேன். அந்த டிரம்மு அங்க இருக்கிறது ஊருக்கே தெரியும். எவன்டா இதை நடுவுல வெச்சதுன்னு சத்தம் போட்டேன். என் பொண்டாட்டி வெளிய வந்து பார்த்தா, டிரம்மைப் பார்த்தா, என்னைப் பார்த்தா, உள்ள போயிட்டா.

அவ வீட்டுலயே ஜாக்கெட் தைக்கிறவ. பேசறதை விட மிஷின் சக்கரத்தைச் சுத்தறது ஜாஸ்தி. பிளானை அவகிட்ட சொன்னப்போ, டாக்டரே உடம்புக்கு சைக்கிள் நல்லதுன்னு சொல்லிட்டாருன்னு கூசாம புளுகினேன். சரிங்கன்னு ஒரு வார்த்தை. கூட யாரையாவது கூட்டிக்கினு போங்களேன்னு ரெண்டு நாள் கழிச்சி கேட்டா. வள்ளுன்னு விழுந்தேன். அதுக்கப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கல. எத்தினி மணிக்குப் பேத்தமங்களா சேருவீங்க, எங்க எங்க எறங்குவீங்கன்னு மட்டும் தச்சிக்கினே கேப்பா. பரவால்லியே, இவளும் ஒத்துக்கினாளேன்னு நான் நோட்டை எடுத்து வரி வரியாப் படிச்சிக் காட்டினேன்.

போன மார்கழியில ஒரு ஞாயித்துக்கிழமை கெளம்பினேன். ஞாயித்துக்கிழமை காலையில என் பொண்டாட்டி விகாரைக்குப் போவா, நான் தூங்கிக்கினு இருப்பேன். எங்க தாத்தா காலத்துலயே பௌத்தத்துக்கு வந்த குடும்பம். அன்னிக்கு அவ வெள்ளைப் புடவை கட்டிக்கினு, நான் விகாரைக்குப் போறேன், நீங்க பார்த்துப் போய்ட்டு வாங்கன்னு தக்காளி சோத்து டப்பாவைக் கையில குடுத்தா. சொட்டு மருந்தை ஒரு தடவை போட்டுக்கினு, குல்லாவை நெத்தி வரைக்கும் இழுத்து விட்டுக்கினு ஏறினேன்.

சைனைடு மேடு, மூடிக்கெடக்கிற சுரங்க சாஃப்டு, செடி மொளைச்ச பழைய பங்களா, எல்லாத்தையும் ஒவ்வொண்ணா நேராக் கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கினே போனேன். பார்த்தா ஒண்ணும் பெருசா இல்ல. பாழடைஞ்ச ஊரு, அவ்ளோதான். இதைப் பார்க்கவா இவ்ளோ ஏங்கினோம்னு மனசு கசந்துச்சி. எழுதி வெச்ச மாதிரியே மார்க்கெட்ல எறங்கித் தள்ளினேன். ஊரு தாண்டி ரோடு காலியானதும் ஏறி மிதிச்சேன்.

பேத்தமங்களாவுக்கு ஒரு மூணு மைல் முன்னாடி ரோடு முழுக்க ராகிக் கதிரைப் பரப்பி வெச்சிருந்தாங்க. அறுவடை சமயத்துல இந்தப் பக்கம் அப்படித்தான். போற வர்ற வண்டி சக்கரமே கதிரை மிதிச்சி மணியை உதுத்துக் குடுத்துடும். டயருக்கு அடியில மெத்துனு இருந்துச்சி. குலுக்கல் இல்ல, சத்தம் இல்ல, பச்சை வைக்கோல் வாசனை. எனக்கு முன்னால ஒரு ஆளு இல்ல. நான் அன்னிக்கு சந்தோஷமா இருந்தது அந்தக் கொஞ்ச தூரம்தான். அழுகை வந்துச்சி, பாட்டும் வந்துச்சி, ரெண்டையும் அடக்காம வேகமா மிதிச்சேன். எவன் சொன்னது எனக்குக் கண்ணு இல்லன்னு வாய் விட்டே சொன்னேன்.

ஏரிக்கரை மேல சைக்கிளைத் தள்ளி ஏத்தி நிறுத்தினேன். தண்ணி நெறைய இருந்துச்சி. நெறைய இருந்துச்சின்னு சொல்றது தப்பு, துண்டு துண்டாத்தான் தெரிஞ்சிது. ஒரு துண்டு தண்ணி பார்த்து, கழுத்தைத் திருப்பி அடுத்த துண்டு, அடுத்தது ஒரு கொக்கு, அடுத்தது கரை. எல்லாத்தையும் சேர்த்து ஒரு ஏரி ஆக்கறதுக்குள்ள மொதல் துண்டு மறந்துபோச்சி. அப்படியே நின்னேன். பயமா இருந்துச்சி, தாங்க முடியாத பயம். கரைக்குக் கீழ டீக்கடை இருந்துச்சி, அங்க எறங்கிப் போய் ஒரு டீ சொன்னேன்.

கடைக்காரரு டீயைக் குடுத்துட்டு, அக்காவுக்கும் ஒண்ணு போடட்டுமான்னு கன்னடத்துல கேட்டாரு. எந்த அக்கான்னு கேட்டேன். என் இடது பக்கமா மோவாயைக் காட்டினாரு. கழுத்தைத் திருப்பினேன். ரெண்டு முழம் தள்ளி என் பொண்டாட்டி நின்னுக்கினு இருந்தா. அதே வெள்ளைப் புடவை, கையில ஹெல்மெட்டு. அவளுக்குப் பின்னால எதிர்வீட்டுக்காரங்களோட பேட்டரி ஸ்கூட்டரு.

"எப்போலருந்து இங்க நிக்கிற?"

"நீங்க டீ சொன்னதுலருந்து. அதுக்கு முன்னாடி கரை மேல நின்னேன். அதுக்கு முன்னாடி வீட்டுலருந்து பின்னாலயேதான் வந்தேன்."

டீ சட்டையில ஊத்திக்கிச்சி. என் ஒரு நாளையும் நீ எடுத்துக்கினியேன்னு கத்தினேன். வேவு பார்க்க வந்தியா, நான் இன்னா கொழந்தையான்னு வாயில வந்ததெல்லாம் பேசினேன். கடைக்காரரு அடுப்புப் பக்கம் திரும்பிக்கினாரு. அவ எல்லாத்தையும் கேட்டுக்கினு நின்னா. ஒரு தடவை மருந்து தீர்ந்துபோச்சின்னு அவ மட்டும் கோலார் போனா, அன்னிக்கே டாக்டர்கிட்ட எல்லாத்தையும் கேட்டுட்டாளாம். அப்புறம் ஏன்டி என்னை விட்டேன்னு கேட்டேன். நிறுத்தினா நிக்கிற ஆளா நீங்க, ஒரு நாள் போகட்டும்னுதான் இருந்தேன்னு சொன்னா. பேட்டரி பாதிக்கு வந்துடுச்சி, முல்பாகல் வரைக்கும் கூட வந்தா திரும்ப முடியாது, அதனாலதான் கடைக்கு வந்து நின்னாளாம்.

நான் போவேன், முல்பாகல் தனியாவே போவேன்னு சைக்கிளைப் பிடிச்சேன். அப்போதான் அவ அதைச் சொன்னா. சத்தமே இல்லாம, அளவு எடுக்கும்போது நம்பர் சொல்றாளே, அந்தக் குரல்ல.

"ராகி போட்டிருந்தாங்களே, அங்க ஓரமா ஒரு அம்மா குந்திக்கினு மணியைக் கூட்டிக்கினு இருந்தாங்க. பார்த்தீங்களா?"

நான் பார்க்கல. அங்க யாருமே இல்லன்னு சத்தியம் பண்ணிருப்பேன்.

"அவங்க கையில இருந்த தொடப்பத்து மேல ஏத்திக்கினு போனீங்க. அவங்க கையை இழுக்கலன்னா கை மேலதான். பின்னாலருந்து கத்தினாங்க. நீங்க பாடிக்கினு போனீங்க."

சைக்கிளைத் திரும்ப ஸ்டாண்டு போட்டேன். பெஞ்சுல உக்காந்துட்டேன். டாக்டர் ரோட்ல போறவங்களைச் சொன்னப்போ எனக்கு லாரியும் காரும்தான் ஞாபகத்துக்கு வந்துச்சி. தரையில குந்தியிருக்கிற ஒருத்தங்க கையைப் பத்தி நோட்டுல எங்கயும் நான் எழுதல. தக்காளி சோத்தை அவதான் பிரிச்சி வெச்சா, ரெண்டு பேருமே தொடல.

திரும்பும்போது நான் சைக்கிள்ல ஏறல. தள்ளிக்கினே நடந்தேன். அவ ஸ்கூட்டர்ல எனக்கு ஒரு பக்கமா ஊர்ந்துக்கினே வந்தா, எந்தப் பக்கம்னு நான் திரும்பிப் பார்க்கல. ராகி போட்டிருந்த எடம் வந்துச்சி. இந்தத் தடவை அந்த அம்மாவைத் தேடி நேராப் பார்த்தேன். என் வயசுதான் இருக்கும். தலையில துணி கட்டிக்கினு, மொறத்தோட ஓரமா குந்தியிருந்தாங்க. என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிஞ்சிக்கினு தொடப்பத்தை மடியோட இழுத்துக்கினாங்க. காலையும் உள்ள மடக்கிக்கினு, நான் போற வரைக்கும் மூச்சு விடாம காத்துக்கினு இருந்தாங்க. நான் நடந்துதான் வந்தேன், அப்படியும்.

மன்னிப்பு கேக்கணும்னு நின்னேன். எனக்குத் தெலுங்கு வரும், ஆனா நான் வாயைத் தொறக்கறதுக்குள்ள அவங்க என்னை விட்டுட்டு என் பொண்டாட்டியைப் பார்த்து, உங்க வீட்டுக்காரரா, இவ்ளோ பெரிய மனுஷி குந்தியிருக்கிறது தெரியலியா அவருக்குன்னு தெலுங்குல கோவமாக் கேட்டாங்க.

"அவருக்குக் கண்ணு தெரியாதும்மா" அப்படின்னா என் பொண்டாட்டி.

மூணு மாசமா எங்க வீட்டுல பிரஷர்னு சொல்லியிருக்கோம், சொட்டுன்னு சொல்லியிருக்கோம், ஓரம் கொஞ்சம் மங்கல்னு சொல்லியிருக்கோம். இந்த வார்த்தையை யாரும் சொன்னது இல்ல. நடு ரோட்ல, யாருன்னே தெரியாத ஒரு அம்மாகிட்ட, அவ சாதாரணமா சொல்லிட்டா. அந்த அம்மா மொகத்துல இருந்த கோவம் அப்படியே போயிடுச்சி. அய்யோ பாவம்னு சொல்லிக்கினே முட்டியில கையை ஊனி எழுந்தாங்க, சேலையில கையைத் துடைச்சிக்கினாங்க, வந்து என் முழங்கையைப் பிடிச்சிக்கினாங்க. இங்க வழுக்கும், காலை இங்க வையுங்க, இங்கன்னு சொல்லி வைக்கோல் முடியிற எடம் வரைக்கும் என்னை நடத்திக்கினு போனாங்க. எனக்கு நேரா எதிர்ல ரோடு நல்லாவே தெரிஞ்சிச்சி. கையை விடுங்கன்னு நான் சொல்லல, அவங்க காட்டின எடத்துலயே காலை வெச்சி நடந்தேன்.